ஒன்றரைக் கோடு

விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், பிறகு காத்திருப்பு. கொரோனா காலத்தில் வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான காத்திருப்புதான். எச்.ஐ.வி. விரைவுப் பரிசோதனைப் பட்டையும் அதே வகை. ஒரு கோடு என்றால் தொற்று தென்படவில்லை. இரண்டு என்றால் இருக்கலாம், மேலும் சோதிக்க வேண்டும். ஒன்றரைக் கோடு தெரியும்போதுதான் சிக்கல்.

விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் பட்டை இரத்தத்தை இழுத்துச் செல்கிறது. வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கிய ஆன்டிபாடிகள் அதில் இருந்தால், வழியிலுள்ள நிறத்துகள்கள் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். சோதனைக் கோட்டில் வைரஸின் புரதத்தைத் தடவி வைத்திருப்பார்கள். ஆன்டிபாடி அங்கே சிக்கும். கூட வந்த நிறமும் தங்கும். சிக்கியது கொஞ்சமென்றால் கோடு வெளிறிப்போகும். மங்கிய வெளிச்சத்தில், நாள் முழுக்க அலைந்த ஊழியருக்கு அது கோடா, நிழலா?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஆப்பிரிக்க சுகாதார ஆய்வு நிறுவனமும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் இந்தக் கேள்வியைக் கணினியிடம் கொடுத்தன. ஊர் ஊராகச் செல்லும் களப்பணியாளர்கள் எடுத்த 11,374 பட்டைப் படங்கள்தான் பாடநூல். இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது, படங்கள் ஆய்வகத்தின் சீரான விளக்கொளியில் எடுக்கப்படாததே. கோணல், நிழல், வெயில் எல்லாம் அவற்றில் உண்டு.

கணினிக்குப் படம் என்பது வெறும் எண் கட்டம், ஒவ்வொரு எண்ணும் ஒரு புள்ளியின் வெளிச்ச அளவு. சுற்றிலும் 220, கோடு இருக்குமிடத்தில் 214 என்றால் நம் கண் அதைத் தவறவிடலாம். கணினி முதலில் பட்டையில் கோடுகள் தெரியும் சன்னலை மட்டும் வெட்டியெடுக்கிறது. பிறகு விடை தெரிந்த படங்களைப் பார்த்து ஊகிக்கிறது. தப்பினால் உள்ளிருக்கும் எடைகளை, அதாவது எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லும் எண்களை, கொஞ்சம் திருத்திக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான திருத்தங்களுக்குப் பின், எந்த மாற்றம் கோடு, எது அழுக்கு என்று பிடிபட்டுவிடுகிறது.

2021இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் முடிவுகள் வந்தன. சிறிய கள முன்னோட்டத்தில் கண்ணால் படித்தவர்களின் துல்லியம் 92.1 விழுக்காடு, கணினியின் துல்லியம் 98.9. சோதனைக் கோடில்லாத பட்டையில் அந்தக் கோடு இருப்பதாக அது ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இருந்த கோடுகளில் 97.8 விழுக்காட்டைப் பிடித்தது.

கண்ணுக்கும் கணினிக்கும் இடையே ஏறக்குறைய ஏழு விழுக்காடு வித்தியாசம். அது பெரிதா? ஒரு கணக்குக்கு, 10,000 பேரில் 100 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். மீதி 9,900 பேரில் இரண்டு விழுக்காட்டினரைத் தவறாகப் படித்தாலே 198 பேர் வீணாகக் கலங்கிப்போவார்கள். உண்மையில் தொற்றுள்ளவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! அதனால்தான் ஒரு பட்டையை மட்டும் நம்பித் தொற்றை உறுதிசெய்வதில்லை. 2019இல் உலக சுகாதார நிறுவனம் அடுத்தடுத்து மூன்று சோதனைகளைப் பரிந்துரைத்தது. நம் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையங்களிலும் மூன்று சோதனைகளுக்குப் பிறகே தொற்று உறுதி என்கிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கணினி நோயைக் கண்டுபிடிக்கவில்லை, கோட்டைப் படிக்கிறது, அவ்வளவுதான். தொற்றிய முதல் சில வாரங்களில் ஆன்டிபாடி போதிய அளவு உருவாகியிருக்காது. அப்போது எடுத்த பட்டையைப் பார்த்து அது தயங்காமல் 'இல்லை' என்றே சொல்லும். அந்த ஆளிடம் "கடைசியாக எப்போது தொற்றும் ஆபத்து நேர்ந்தது?" என்று கேட்டு, சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வது எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகரின் வேலை.