ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குக் கிளம்புகிறார்

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, கோடைக்காலத்திலும் கடல்மூட்டம் வந்து கவியும் டேலி சிட்டியில் முதியோர் மருத்துவராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். இந்த ஊரின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிலிப்பைன்ஸ் வழி வந்தவர். ஆகவே என்னிடம் வரும் முதியவர்களில் பலரை நான் லோலோ என்றும் லோலா என்றும், அதாவது தாத்தா, பாட்டி என்றே அழைக்கிறேன். அவர்களில் ஒரு தம்பதியரைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவர்கள் குடும்பத்தாரின் இசைவுடன் இங்கே எழுதுகிறேன். மறதிநோய் உள்ளவர்களின் பேச்சை மருத்துவர்கள் எவ்வளவு எளிதாகத் தவறாகப் புரிந்துகொள்கிறோம் என்பதை எனக்குக் கற்றுத் தந்தவர்கள் அவர்கள்.

லோலோவுக்கு வயது எண்பத்து நான்கு. லூசோன் தீவின் வடமேற்கு மூலையில், இலோகோஸ் நோர்த்தே மாநிலத்தின் பாவாய் என்னும் ஊரில் பிறந்தவர். லோலா அவரைவிட மூன்று வயது இளையவர். தெற்கே பனாய் தீவில், இலோயிலோ நகரின் ஹாரோ பகுதியைச் சேர்ந்தவர். மணிலாவில் படிக்கப் போன இடத்தில் சந்தித்து மணம் செய்துகொண்டார்கள். 1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றிய பிறகு கடல் கடந்து வந்த எண்ணற்ற பிலிப்பைன்ஸ் செவிலியர்களில் லோலாவும் ஒருவர். ஊரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்த லோலோ அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். இங்கே அவருக்கு ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. ஓய்வு பெறும்வரை ஒரு கிடங்கில் இரவுப் பணி பார்த்தார்.

லோலோவுக்கு மறதிநோய் உறுதியாகி இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் லோலா ஒரு புதிய சிக்கலோடு வந்தார். மாலை ஆறு மணி நெருங்கினால் லோலோ நாற்காலியில் இருப்பதில்லை, வாசற்கதவை நோக்கி நடந்து, "அகவிதாக்கோன், அகவிதாக்கோன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், தடுத்தால் கோபப்படுகிறார். அந்தச் சொல்லின் பொருள் லோலாவுக்குத் தெரியவில்லை, அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. பிலிப்பைன்ஸின் பொதுமொழியான தகாலோக்குக்காகத் தொலைபேசி வழியே நான் அழைத்த மொழிபெயர்ப்பாளரும் புரியவில்லை என்றார். நான் அவருடைய நோய்க் குறிப்பில் 'பொருளற்ற சொற்களை மீண்டும் மீண்டும் சொல்கிறார்' என்று எழுதினேன். அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் இன்றும் மனம் வலிக்கிறது.

அடுத்த முறை அவர் வந்திருந்தபோது, அறையைத் துடைத்துக்கொண்டிருந்த பணியாளர் ஒருவர் தற்செயலாக அதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் லாவோக் நகரத்தவர். பாவாய்க்கு அருகிலுள்ள ஊர் அது. "லோலோ இலோகானோவில் பேசுகிறார், டாக்டர். நான் வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்கிறார்" என்றார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்த மனைவிக்குத் தன் கணவர் இத்தனை மாதங்களாக என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் அழவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அந்தச் சொல்லை எழுதி வைத்துக்கொண்டார்.

பிலிப்பைன்ஸில் பேசப்படும் மொழிகள் நூற்றெழுபதுக்கும் மேற்பட்டவை. இலோகானோவும் லோலாவின் தாய்மொழியான ஹிலிகாய்னோனும் தகாலோக்கின் வட்டார வழக்குகள் அல்ல. ஒன்றை மட்டும் அறிந்தவருக்கு மற்றது விளங்காத தனித்தனி மொழிகள். இவர்கள் இருவரும் இல்லறம் நடத்தியது தகாலோக்கிலும் ஆங்கிலத்திலும்; இரண்டுமே அவர்கள் பின்னாளில் கற்றவை. மறதிநோய் முற்றும்போது பலரிடம் பின்னால் கற்ற மொழி முதலில் தளர்கிறது, தாய்மடியில் கேட்ட மொழி கடைசிவரை நிற்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டவர் என்றவுடன் தகாலோக் மொழிபெயர்ப்பாளரை அழைப்பது எங்கள் மருத்துவமனைகளின் வழக்கம். எந்த முயற்சியும் இல்லாமல் கைவிடக்கூடிய வழக்கம் அது. இப்போது நான் முதல் சந்திப்பிலேயே ஒரு கேள்வி கேட்கிறேன்: சின்ன வயதில் உங்கள் அம்மா எந்த மொழியில் உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்?

அவர் கிளம்ப நினைத்தது எந்த வீட்டுக்கு, ஏன் சரியாக ஆறு மணிக்கு என்பதை அந்தப் பணியாளரின் துணையோடு லோலோவிடமே கேட்டறிந்தோம். பாவாயில் பவளக்கல்லும் செங்கல்லும் கொண்டு கட்டப்பட்ட பழைமையான தேவாலயம் ஒன்று உண்டு. 1710-இல் கட்டி முடிக்கப்பட்டது, 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அடிக்கடி நிலம் நடுங்கும் நாடாகையால், விழுந்தாலும் கோயிலின்மேல் விழாதபடி அதன் மணிக்கூண்டைத் தள்ளியே எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கூண்டிலிருந்து மாலையில் மூவேளைச் செபத்தின் மணி ஒலித்தால், வயலில் எருமையோடு இருந்தாலும் நண்பர்களோடு விளையாடிக்கொண்டிருந்தாலும் சிறுவர்கள் வீட்டுக்கு ஓடிவிட வேண்டும். செபம் முடிந்தபின் பெரியவர்கள் ஒவ்வொருவரின் புறங்கையையும் தம் நெற்றியில் ஒற்றி ஆசி பெற வேண்டும். அதற்கு மனோ என்று பெயர். நேரம் தவறி வந்தவனுக்குப் பாட்டியின் பிரம்பு காத்திருக்கும். எண்பது வயது கடந்த அந்த மனிதர் ஒவ்வொரு மாலையும் அந்தப் பிரம்புக்கு அஞ்சித்தான் கதவைத் தேடியிருக்கிறார்.

இதை அறிந்தபின் புதிதாக எந்த மாத்திரையும் எழுதித் தரவில்லை. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே வரவேற்பறை விளக்குகளை ஏற்றிவிடவும், கைப்பேசியில் கோயில் மணியோசை ஒலிக்கச் செய்யவும், செபமாலையை அவர் கையில் கொடுத்து இருவரும் சேர்ந்து செபிக்கவும் ஏற்பாடு செய்தோம். கதவு திறந்தால் ஒலிக்கும் சிறு கருவியையும் பொருத்தச் சொன்னேன், ஏனெனில் செபமாலை கதவுக்குத் தாழ்ப்பாள் ஆகிவிடாது. செபிப்பது எந்த மொழியில் என்பதுதான் முதல் வாரம் இடறியது. தகாலோக்கில் லோலா தொடங்கினால் அவர் பாதியில் நின்றுவிடுவார். இலோகானோ லோலாவுக்குத் தெரியாது. ஆனால் முடிவில் வரும் மாதாவின் மன்றாட்டு மாலையை, தன் பழைய நினைவில், ஒருநாள் லோலா இலத்தீனில் தொடங்கியபோது லோலோ தெளிந்த குரலில் 'ஓரா ப்ரோ நோபிஸ்' என்று பதில் சொன்னார். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று சொல்லும் அதே பதில்தான். 1960-களில் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடி மாற்றங்கள் வரும்வரை பிலிப்பைன்ஸில் திருப்பலி இலத்தீனிலேயே நடந்தது. பாவாயில் அவர் பூசைக்கு உதவிய சிறுவன், ஹாரோவில் இவர் பாடகர் குழுவில் இருந்த சிறுமி. வெவ்வேறு தீவுகளில் இருவரும் பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்த ஒரு மொழி, இப்போது அவர்கள் இருவருக்கும் பொதுவாக எஞ்சியிருந்தது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். முதியவர் ஒருவரின் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று மிகுந்தால் அதைப் பழைய நினைவு என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். லோலோவுக்கும் இந்தப் பரிசோதனைகளை எல்லாம் செய்து முடித்த பிறகே மணியோசைக்குச் சென்றோம்.

குளியலிலும் இதே போன்ற ஒரு முடிச்சு இருந்தது. வீட்டுக்கு வரும் உதவியாளர் மாலையில் குளிப்பாட்ட முனைந்தால் லோலோ கைகளை மார்போடு கட்டிக்கொண்டு மறுத்துவிடுவார். 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று குறிப்பில் ஏறியிருந்தது. உழைத்துச் சூடேறிய உடலில் தண்ணீர் பட்டால் கை நடுக்கமும் நரம்புத் தளர்ச்சியும் வரும் என்பது பிலிப்பைன்ஸ் கிராமங்களில் ஆழமாக ஊன்றிய நம்பிக்கை. அதை பாஸ்மா என்பார்கள். மருத்துவ நூல்களில் அதற்கு இடமில்லை. எனினும் எண்பது ஆண்டுகளாக ஒருவர் உடலோடு சேர்ந்து வந்துவிட்ட அச்சத்தோடு வாதிட்டு என்ன பயன்? தூங்கி எழுந்து ஓய்ந்திருக்கும் காலை வேளைக்குக் குளியலை மாற்றினோம், வெந்நீரில். அதன்பின் மறுப்பு இல்லை.

கட்டிலுக்கடியில் அவர் பதுக்கி வைத்த அரிசியைப் பற்றிப் பிள்ளைகள் வெட்கத்தோடு சொன்னார்கள். எறும்பு வந்ததால் அதைக் கொட்டிவிட்டார்கள். அன்றிரவு முழுவதும் அவர் உறங்கவில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அந்த நாடு பட்ட பாட்டில் அவர் மூன்று முதல் ஆறு வயதுவரை வளர்ந்தார். அவருடைய தந்தை அரிசியைச் சாடியில் இட்டு மண்ணில் புதைத்து வைத்தவர். இப்போது இறுக மூடும் தகர டப்பா ஒன்றில் இரண்டு பிடி அரிசி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

லோலாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். எதைக் கேட்டாலும் "ஓபோ, டாக்டர்" என்பார். ஓபோ என்பது ஆம் என்பதன் மரியாதை வடிவம். நீங்கள் சொல்வது காதில் விழுந்தது, உங்களை எதிர்த்துப் பேச மாட்டேன் என்பதற்கும் அதே சொல்தான். அந்த ஓபோவை நம்பி, அவர் தன் இரத்த அழுத்த மாத்திரைகளை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார் என்று எண்ணியிருந்தேன். கருவாடும், பாகோவோங் என்னும் உப்பூறிய மீன் விழுதும் தட்டில் குறையவே இல்லை; மாத்திரை டப்பா பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. இப்போது எதையும் விளக்கிய பிறகு, "லோலா, நாளைக் காலையிலிருந்து என்ன செய்யப் போகிறீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்கிறேன். விழுதைக் குறைத்து, நம் முருங்கைக்கீரையேயான மலுங்காய் போட்டுக் கோழிச்சாறு வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். முப்பது ஆண்டுகள் பிறர் வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட தான், சொந்தக் கணவரைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்புவது அவமானம் என்று நினைத்தார். வாரத்துக்கு இரண்டு நாட்கள் என்று சம்மதிக்க வைக்க எட்டு மாதங்களாயின. அந்த எட்டு மாதங்களில் அவர் இளைத்தது எத்தனை கிலோ என்று என் குறிப்பில் இருக்கிறது. குடும்பத்தார் இதை முன்பே கவனிக்க வேண்டும்.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்கள், விடியுமுன் நடக்கும் சிம்பாங் காபி திருப்பலிக்கு ஊரில் குழந்தைகளாக இருட்டில் நடந்து போனதை இருவரும் தனித்தனியே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இலோயிலோவில் 1948 ஜனவரியில் வந்த பெரும் நிலநடுக்கத்தில் ஹாரோவின் மணிக்கூண்டு சேதமடைந்ததைச் சிறுமியாகக் கண்ட லோலா, அந்த ஆண்டு டிசம்பரில் மணியோசைக்காக ஏங்கியதைச் சொன்னார். சென்ற டிசம்பரில் பகல்நேர நிலையத்தில் மூங்கில் குச்சிகளையும் வண்ணத்தாளையும் லோலோவின் முன் வைத்தார்கள். சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாத அந்தக் கைகள், ஐந்து முனை நட்சத்திர விளக்கான பரோலின் சட்டத்தைத் தயங்காமல் கட்டின. கை பழகிய வேலையின் நினைவு, பெயர்களின் நினைவைவிட நெடுங்காலம் தாங்கும். அது அவர்கள் வீட்டுச் சன்னலில் தொங்குகிறது.

கடந்த வாரம் நான் வீட்டுக்குச் சென்றபோது குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. பாவாயில் இருக்கும் நாத்தனாரிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, இலோகானோச் சொற்களை லோலா எழுதி வைத்திருக்கிறார். முதல் வரியில், அன்று கைப்பையிலிருந்து எடுத்த தாளில் எழுதிய அகவிதாக்கோன். அடுத்து அக்யாமனாக், நன்றி. மங்கன்தயோன், வாங்க சாப்பிடலாம். கடைசியாகச் சேர்த்தது அத்தாக் திதோய். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று பொருள். மாலையில் அவர் எழுந்து கதவருகே போனால் லோலா பின்னால் சென்று, தோளில் கை வைத்து அதைச் சொல்கிறார். சில நாட்களில் லோலோ திரும்பி வந்து உட்காருகிறார். சில நாட்களில், இந்த அம்மாள் யார் என்று இலோகானோவில் கேட்கிறார். அதற்கான பதிலையும் நாத்தனாரிடம் கேட்டு வைத்திருப்பதாக லோலா சொன்னார்.