டவர் வண்டி வரும்வரை

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தற்காலிக செல்போன் டவர் வண்டியோடு அங்கே போன குழுவில் நானும் இருந்தேன்.

டவர் சாய்ந்தால்தான் சிக்னல் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் பார்த்த டவர்கள் பல நின்றுகொண்டுதான் இருந்தன. கரண்ட் இல்லை. பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் ஜெனரேட்டர். வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தால் அதற்கு டீசல் எப்படி வரும்? ஓரிடத்தில், சாய்ந்த புளியமரத்தின் வேர் மண்ணுக்கடியில் கிடந்த, டவரை நெட்வொர்க்கோடு இணைக்கும் ஃபைபர் கேபிளையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது.

எங்கள் வண்டியில் மடக்குக் கம்பம், ஆன்டெனா, ஜெனரேட்டர், ஒரு செயற்கைக்கோள் டிஷ். கேபிள் இல்லாததால் ஒவ்வொரு பேச்சும் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வரை போய்த் திரும்பும். ஒரே நேரத்தில் சிலர்தான் பேச முடியும். வீடியோ அனுப்பினால் பக்கத்தில் நிற்பவருக்கு லைன் கிடைக்காது. அதனால் எஸ்எம்எஸ் போதும்: "நலம், பள்ளி முகாமில் இருக்கிறோம்."

சிக்னல் வந்ததும் முகாமிலிருந்து ஒரு அம்மா ஓடி வந்தார். மகன் திருப்பூரில். எண் போனுக்குள், போனில் சார்ஜ் இல்லை. மனப்பாடமாகவும் தெரியாது. ஜெனரேட்டரில் செருகி, உயிர் வர இருபது நிமிடம் ஆனது. அதுவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசும்போது குரல் அரை நொடி தாமதமாக வர, இருவரும் ஒரே நேரத்தில் பேசிப் பேசி நிறுத்தினார்கள். "அம்மா, அவர் முடிக்கட்டும், ஒரு மூச்சு விட்டுப் பேசுங்க" என்றேன். "தம்பி, அவன் அழுறான்" என்றார்.

சிக்னல் இல்லாத ஊரில் போன் ஓயாமல் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். அந்த அம்மாவின் போனும் அப்படித்தான் அணைந்திருக்கும். ஃபிளைட் மோடில் போட்டு, மணிக்கு ஒருமுறை மட்டும் திறந்து பாருங்கள். நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோமேட்டிக்' என்றே வையுங்கள். பேரிடரின்போது ஒரு நிறுவனத்தின் சிம் இன்னொரு நிறுவனத்தின் டவரில் வேலை செய்ய ஏற்பாடு செய்வார்கள். கையால் ஒரே நெட்வொர்க்கைத் தேர்ந்து வைத்திருந்தால் அது உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

சரி, இவ்வளவும் மறந்தாலும் ஐப்பசி பிறக்கும் முன் இதை மட்டும் செய்துவிடுங்கள். நான்கைந்து எண்களைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐயும் அதிலேயே எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். மை பேனா எழுத்து ஈரத்தில் கரைந்துவிடும்.