சிறுத்தைத் தோலில் புள்ளி வைப்பது யார்?

குத்தாலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகன் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறாராம். பேத்தியின் பள்ளி விடுமுறைக்கு இவரும் மனைவியும் போக, எல்லோருமாகச் சொந்தக் காரிலேயே க்ரூகர் தேசியப் பூங்காவைச் சுற்றியிருக்கிறார்கள். கடிதத்தில் அவர் கேட்டிருப்பது இது: "சாபி ஆற்றை ஒட்டிய சாலையில் பாதி வழியை அடைத்துக்கொண்டு வண்டிகள் நின்றன. மரத்தில் சிறுத்தை இருக்கிறது என்றார்கள். பக்கத்து வண்டிக்காரர் கையை நீட்டிக் காட்டியும் எனக்கும் வீட்டம்மாவுக்கும் கிளையும் இலையும்தான் தெரிந்தன. வால் ஆடிய பிறகுதான் மொத்த உடம்பும் கண்ணில் பட்டது. இந்தப் புள்ளியெல்லாம் யார் தாத்தா வைத்தது, எப்படி இவ்வளவு சரியாக இடம் விட்டு வைத்தார்கள் என்று பேத்தி கேட்டாள். கடவுள் என்று சொல்லிப் பார்த்தேன். அப்போ சிங்கத்துக்கு ஏன் வைக்கலை என்கிறாள். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்."

கேள்வி அருமையான கேள்வி. அதுவும் நம் டெல்டாக்காரர்களுக்குச் சிறுத்தை இப்போது அவ்வளவு அந்நியம் இல்லை. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் மயிலாடுதுறை கூறைநாட்டுப் பக்கம் சிசிடிவியில் ஒரு சிறுத்தை பதிவாகி, பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டு, வாய்க்கால் ஓரமெல்லாம் கேமரா கட்டி வனத்துறை தேடிய அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காடே இல்லாத வயல் நாட்டில், புலிக்கொடி பறந்த ஊர்களில், ஒரு நிஜப் பூனை வந்து எல்லோரையும் கதவைச் சாத்திக்கொள்ள வைத்தது. கடைசியில் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் சிறுத்தை தென்பட்டதாகச் செய்தி வந்தது.

க்ரூகரைப் பற்றி இரண்டு வரி. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நான்கு மாவட்டங்களையும் சேர்த்த பரப்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம், கிட்டத்தட்ட 19,500 சதுர கிலோமீட்டர். தார்ச்சாலையில் 50 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது, மண் சாலையில் 40. குறிப்பிட்ட சில இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது, சாலையை விட்டு வண்டியை இறக்கவும் கூடாது. நீங்கள் போன சாலை ஸ்குகூஸா முகாமிலிருந்து லோயர் சாபி முகாம் வரை போவது, சிறுத்தைக்கும் வண்டி நெரிசலுக்கும் சேர்த்தே பேர் பெற்றது.

முதலில், ஏன் கண்ணில் படவில்லை என்பது. இது எல்லோருக்கும் தெரிந்த கதைதான், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளின் விளிம்பைப் பிடித்துத்தான் நம் கண் அதன் உருவத்தை அடையாளம் காண்கிறது. புள்ளிகள் அந்த விளிம்பை உடைத்துவிடுகின்றன. இலை வழியே விழும் வெயிலும் நிழலும் சேர்ந்தால் எது தோல், எது கிளை என்று பிரிக்க முடியாது. மானினத்துக்கு நம்மைப் போல மூன்று வண்ண உணர்வு கிடையாது, இரண்டுதான், எனவே அதன் பாடு இன்னும் கஷ்டம். அசைந்தால் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடும், வால் ஆடியதும் உங்களுக்கு நடந்தது அதுதான்.

சரி, இப்போது பேத்தியின் கேள்விக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். எந்தப் புள்ளி எங்கே வர வேண்டும் என்று சிறுத்தையின் மரபணுவில் படம் எதுவும் கிடையாது. அங்கே இருப்பது ஒரு விதி மட்டும். ஒவ்வொரு கருவிலும் அந்த விதி புதிதாக ஓடி, புதிதாக ஒரு படத்தைப் போடுகிறது.

இதை 1952இல் சொன்னவர் ஆலன் டூரிங். கணினிக்கு அடித்தளம் போட்டவர், போரில் ஜெர்மானியர்களின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைத்ததில் பெரும் பங்கு உள்ளவர், அதே மனிதர்தான். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு தோல் பரப்பில் இரண்டு வேதிப்பொருட்கள் பரவுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சாதாரணமாக, பரவுதல் என்றால் எல்லாம் கலந்து ஒன்றாகிவிடும் என்றுதான் நினைப்போம், மை தண்ணீரில் விழுந்தால் அப்படித்தானே ஆகிறது. ஆனால் அந்த இரண்டும் ஒன்றை ஒன்று ஒரு குறிப்பிட்ட விதத்தில் பாதித்தால், ஒன்று மெதுவாகவும் மற்றொன்று வேகமாகவும் பரவினால், கலப்பதற்குப் பதிலாகத் திட்டுத்திட்டாகப் பிரிந்து நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கட்டுரையிலேயே திட்டுத்திட்டான ஒரு படம் இருக்கிறது. கணினி இல்லாமல் சில மணி நேரம் கையால் கணக்குப் போட்டு வரைந்த படம் அது.

எப்படி என்று புரிய, நீங்கள் மாட்டிக்கொண்ட அந்த வண்டி நெரிசலையே எடுத்துக்கொள்வோம். சாலை முழுக்க வண்டிகள் சீராக ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கோ ஒரு வண்டி நிற்கிறது, ஏதோ ஒரு மறிமானைப் பார்த்துத்தான் நிற்கிறது என்றே இருக்கட்டும். பின்னால் வருபவர், நின்ற வண்டியைப் பார்த்து, ஏதோ இருக்கிறது என்று நிற்கிறார். இரண்டு வண்டி நின்றால் மூன்றாவது கட்டாயம் நிற்கும். கூட்டம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது, ஆனால் நெருக்கத்தில் மட்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைதான் அந்த ஈர்ப்பு வேலை செய்யும். அதே சமயம் இன்னொன்றும் நடக்கிறது. இருபுறமும் சில கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலை காலியாகிறது, வந்த வண்டியெல்லாம் இங்கேயே நின்றுவிட்டதே. காலியான சாலையில் இன்னொரு கூட்டம் முளைக்க வழியில்லை. நன்றாகத் தள்ளிப் போன பிறகுதான், வண்டிகள் மிச்சமிருக்கும் இடத்தில், அடுத்த கூட்டம் சேரும்.

கிட்டத்தில் வளர்ப்பு, தொலைவில் தடுப்பு. டூரிங்கின் இரண்டு பொருட்களில் மெதுவாகப் பரவுவது வளர்ப்பது, வேகமாகப் பரவுவது தடுப்பது. இந்த இரண்டும் இருந்தால் போதும். யாரும் திட்டம் போடாமலே கூட்டங்கள் ஏறக்குறைய சம இடைவெளியில் வந்துவிடும். மறுநாள் வேறொரு வண்டி வேறொரு இடத்தில் முதலில் நின்றால் கூட்டங்கள் வேறு இடங்களில் சேரும், ஆனால் இடைவெளி மட்டும் அதே அளவில்தான் இருக்கும். "எப்படி இவ்வளவு சரியாக இடம் விட்டு வைத்தார்கள்" என்று பேத்தி கேட்டாள் இல்லையா, தடுக்கும் பொருள் எவ்வளவு தூரம் பரவுகிறதோ அதுதான் அந்த இடைவெளியைத் தீர்மானிக்கிறது.

கணக்கு அழகாக இருக்கிறது, நிஜத்தில் அப்படித்தான் நடக்கிறதா என்று கேட்டு உயிரியலாளர்கள் பல ஆண்டுகள் நம்பாமலே இருந்தார்கள். பூனைக் குடும்பத்தில் தெளிவான பதில் வந்தது 2021இல், அமெரிக்காவின் ஹட்சன்ஆல்ஃபா நிறுவன ஆய்வாளர்களிடமிருந்து. தெருப்பூனைகளுக்குக் கருத்தடை அறுவை செய்யும்போது அகற்றப்படும் கருக்களின் தோலைச் சேகரித்துப் பார்த்தார்கள். முடி முளைக்கவில்லை, நிறம் வரவில்லை, கர்ப்பகாலத்தில் பாதி கூட ஆகவில்லை. ஆனால் அந்த வெறும் தோலிலேயே தடித்த பட்டையும் மெல்லிய பட்டையுமாக, பிற்காலத்து வரிகள் அப்படியே போடப்பட்டிருந்தன! தடித்த இடங்களில் டிகேகே4 என்ற மரபணு மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது. அது உண்டாக்கும் புரதம், அங்கிருந்து சுற்றிலும் பரவி, தோலைத் தடிக்கச் சொல்லும் டபிள்யூஎன்டி என்ற சமிக்ஞையை அடக்குகிற புரதம். டூரிங் கேட்ட தடுப்புப் பொருள் இதுதான் என்பது அவர்கள் முடிவு. பிறகு முடி முளைக்கும்போது, தடித்த இடத்து முடி கறுப்பாகவும் மற்ற இடத்து முடி வெளுப்பாகவும் வருகிறது. கோலம் கருவிலேயே விழுந்துவிடுகிறது, சாயம் பின்னால் ஏறுகிறது. இந்த டிகேகே4 பழுதான பூனைகளில் வரி பளிச்சென்று தெரிவதில்லை, அபிசீனியப் பூனை என்று சொல்லப்படும் இனம் அப்படி வந்ததுதான்.

அப்புறம் அந்த வால். நீங்கள் அனுப்பிய படத்தில் கிளையிலிருந்து தொங்கும் வாலைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே தடித்த பகுதியில் புள்ளிகள் இருக்கின்றன, கீழே வரவர புள்ளிகள் பக்கவாட்டில் இணைந்து, நுனியில் வளையங்களாகவே ஆகிவிடுகின்றன. ஒல்லியான குழாயைச் சுற்றி இரண்டு புள்ளிகளுக்கு இடம் இல்லாதபோது, ஒரே புள்ளி சுற்றி வளைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. கணித உயிரியலாளர் ஜேம்ஸ் மர்ரே இதை வைத்து ஒரு முடிவு சொன்னார்: உடம்பில் புள்ளி உள்ள விலங்குக்கு வாலில் வளையம் இருக்கலாம், உடம்பில் வரி உள்ள விலங்குக்கு வாலில் புள்ளி இருக்க முடியாது. சீட்டா என்று சொல்லும் சிவிங்கிப்புலியின் வால் நுனியைப் பாருங்கள், புலியின் வாலைப் பாருங்கள், மீன் மார்க்கெட் வாசலில் செதிலுக்குக் காத்திருக்கும் சாம்பல் வரிப் பூனையின் வாலையும் பாருங்கள். டூரிங் கணக்கு வாலில் வந்து எழுதி நிற்பதாகவே எனக்குத் தோன்றும், வரிப்பூனை எதைப் பார்த்தாலும் முதலில் அதன் வாலைத்தான் பார்ப்பேன்.

சிறுத்தையின் உடம்பில் இருப்பவை முழுப் புள்ளிகள்கூட இல்லை, நடுவில் பழுப்பும் சுற்றிலும் உடைந்த கறுப்பு வளையமுமான பூ வடிவங்கள். குட்டியில் நெருக்கமான கரும்புள்ளியாக இருப்பது, வளர வளர நடுவில் விரிந்து, வளையமாகி உடைகிறது. 2006இல் தைவான் ஆய்வாளர்களும் ஆக்ஸ்ஃபோர்டின் பிலிப் மைனியும் டூரிங் கணக்கையே இரண்டு கட்டமாக ஓட்டி, இரண்டாம் கட்டத்தில் அளவுகளை மாற்றி, இதே பூ வடிவத்தைக் கணினியில் வரவழைத்தார்கள்.

விதி மட்டும் இருந்து படம் இல்லாததால், எந்த இரண்டு சிறுத்தைக்கும் ஒரே கோலம் வராது. ஒரே சிறுத்தையின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறுவேறு. காட்டில் எத்தனை சிறுத்தை, எத்தனை புலி என்று எண்ண இதுதான் இப்போது வழி. பாதையின் இருபுறமும் எதிரெதிரே கேமரா கட்டுவதே இரண்டு விலாவையும் ஒருசேரப் பிடிக்கத்தான். நம் நாட்டில் புலிகளை இப்படி எண்ணும் முறையைத் தொண்ணூறுகளில் நாகரஹொளேயில் நிலைநாட்டியவர் உல்லாஸ் கரந்த்.

சிங்கத்துக்கு ஏன் வைக்கலை? வைத்திருக்கிறது. சிங்கக் குட்டியின் காலையும் வயிற்றையும் பார்த்தால் மங்கலான பழுப்புப் புள்ளிகள் தெரியும், வளர்ந்ததும் மறையும், சில பெண் சிங்கங்களுக்கு வயிற்றோரம் கடைசி வரை லேசாகத் தெரியும். பூனைக் குடும்பம் முழுவதையும் ஒப்பிட்டு பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மரமும் நிழலும் நிறைந்த இடத்தில் வாழ்பவற்றுக்கும் இரவில் திரிபவற்றுக்கும் கோலம் அதிகம், வெட்டவெளியில் வாழ்பவற்றுக்குக் குறைவு என்று தெரிந்தது. காய்ந்த புல்வெளியில் சிங்கத்துக்கு வெறும் மணல் நிறமே போதும். சிவிங்கிப்புலி மட்டும் வெட்டவெளியில் புள்ளியோடு ஓடுகிறது, அது இந்தக் கணக்குக்கு அடங்காத பிள்ளை.

ஒரு விஷயத்தை மனம் திறந்து சொல்ல வேண்டும். ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் கறுப்பாகத் தெரியும் புலிகள் இருக்கின்றன, அங்குள்ள புலிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படித்தான். உண்மையில் கறுப்பு வரிகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை. சென்னை வண்டலூர்ப் பூங்காவிலும் இந்த வம்சத்துப் புலி உண்டு. பெங்களூர் தேசிய உயிரியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021இல் காரணத்தைக் கண்டுபிடித்தது: டாக்பெப் என்ற ஒரே மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதே மரபணு பழுதானால்தான் வீட்டுப் பூனைக்குச் சுழல் கோலமும், ஆப்பிரிக்காவில் ராஜ சிவிங்கி என்று சொல்லும் பட்டைச் சிவிங்கிப்புலியும் வருகின்றன. சிமிலிபாலில் இது இவ்வளவு பரவியதற்குக் காரணம், அந்தப் புலிகள் மற்ற காடுகளிலிருந்து துண்டிக்கப்பட்டுத் தங்களுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்வது. தோலின் கோலத்தைப் படித்துப் போனவர்கள் ஒரு காட்டின் ஆபத்தைக் கண்டு சொன்னார்கள். பூனை வரியை ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். 2020-21 கணக்குப்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்கென்று இந்த நாடு செலவிட்டது. இது போதவே போதாது, அதிலும் உடனடிப் பயன் கேட்காத ஆய்வுக்கு வருவது துளி. எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு.

கோபம் இன்னொன்றின் மீதும் உண்டு. கிரகணத்தன்று வெளியே வந்தால் பிள்ளைக்குத் தோலில் தழும்பு விழும் என்று சொல்லி, கர்ப்பிணிப் பெண்ணைத் தண்ணீர் கூடக் குடிக்கவிடாமல் இருட்டறையில் உட்கார வைக்கும் வீடுகள் நம் பக்கம் இன்றும் இருக்கின்றன. கருவின் தோலில் நடப்பதைத் தீர்மானிப்பவை அங்கேயே சுரந்து அங்கேயே பரவும் புரதங்கள். நிலாவின் நிழலுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுங்கள்.

நெரிசலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், வண்டிகள் சூழ்ந்தால் அதற்குத் தொல்லை இல்லையா என்று. தொல்லைதான். கென்யாவின் மசாய் மாராவில் சிவிங்கிப்புலித் தாய்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது. சுற்றுலா வண்டிகள் குறைந்த பகுதியில் ஓர் ஈற்றுக்குச் சராசரி 2.3 குட்டிகள் தேறுகின்றன, வண்டிகள் மொய்க்கும் பகுதியில் 0.2. க்ரூகரில் சாலையை விட்டு வண்டியை இறக்கக் கூடாது என்ற விதியை அதனால்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். இன்ஜினை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்துவிடுவதே நல்லது.

பேத்திக்குச் சொல்லிப் புரிய வைப்பதைவிட செய்து காட்டுவது எளிது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால், இரண்டு பொருட்கள் பரவி ஒன்றை ஒன்று பாதிப்பதைக் கணக்கிடும் கிரே–ஸ்காட் சமன்பாடுகளை பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதச் சொல்லுங்கள், முப்பது நாற்பது வரிதான். பரவும் வேகங்களை 0.16, 0.08 என்று வைத்து, ஊட்ட விகிதம் 0.035, அழிவு விகிதம் 0.065 என்று கொடுத்து ஓட விட்டால், வெறும் திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து பிரிந்து நிரம்பும். அந்தக் கடைசி எண்ணை மட்டும் 0.060 ஆக்குங்கள், புள்ளிகள் நீண்டு வரிகளாகும். பிறகு திரையின் அகலத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இடது விளிம்பையும் வலது விளிம்பையும் ஒட்டி, முன்பு வந்த புள்ளிகளில் ஒன்றின் அகலத்துக்கு ஒல்லியாக்கிவிட்டுப் பழைய எண்ணோடு திரும்ப ஓட்டச் சொல்லுங்கள். வால் வளையம் வரும்.