பாலிப் எடுத்த பின் ரத்தக்கசிவு: மாத்திரை அட்டையில் தொடங்கும் விஷயம்

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால், "சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, கொழுப்புக்கு ஒரு கேப்ஸ்யூல்" என்பார்கள். அந்தக் 'கொழுப்பு' கேப்ஸ்யூலின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், சில சமயம் கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டினோடு, ரத்தம் உறையவிடாத ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் இருக்கும். மூன்றும் ஒன்றாகவே கடையில் கிடைக்கின்றன. ரத்தம் உறையவிடாத மருந்தைச் சாப்பிடுகிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. பெருங்குடலின் உள்சுவரில் வளரும் சதைக்கட்டியான பாலிப்பை, கேமரா குழாய் விட்டுப் பார்த்து எடுக்கும் கொலோனோஸ்கோப்பிக்கு நாள் குறிக்க வரும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்வது இதனால்தான்.

ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. பெரிய பாலிப் என்றால் க்ளோபிடோக்ரலை 5 முதல் 7 நாள் முன்பும், ரத்தம் உறையவிடாத இன்னொரு மருந்தான வார்ஃபரினை 5 நாள் முன்பும் நிறுத்துவது வழக்கம். ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவர் மாத்திரையை விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். குடலில் வரும் ரத்தக்கசிவை அநேகமாக நிறுத்திவிட முடியும், அந்த அடைப்பு உயிரையே வாங்கிவிடும். அவசரமில்லாத பாலிப்பைத் தள்ளிப்போடலாம். இதய மருத்துவரைக் கேட்காமல் இதில் முடிவெடுக்கக் கூடாது.

சரி, எடுக்கும்போது என்ன செய்கிறோம்? கம்பிச் சுருக்கை மாட்டி பாலிப்பை அறுக்கிறோம். மின்சாரம் பாய்ச்சி அறுத்தால் அந்த நேரத்தில் ரத்தம் அவ்வளவாக வராது, பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் சூடு ஆழமாக இறங்குகிறது. சில நாள் கழித்துப் பொருக்கு உதிரும்போது அடியில் உள்ள ரத்தக்குழாய் திறந்துகொள்ளலாம். அதனால் 1 செ.மீ.க்குக் குறைந்த பாலிப்களை இப்போது மின்சாரம் இல்லாமலே அறுக்கிறோம். அப்போதைக்குக் கொஞ்சம் கசியும், தானே நின்றுவிடும். காம்பு தடித்த பெரிய பாலிப் என்றால் முதலில் காம்பில், ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் ஊசி போடுவோம், அல்லது அடியில் ஒரு வளையத்தை இறுக்குவோம்.

அப்புறம் கிளிப், அதாவது அறுத்த இடத்தை இழுத்து மூடும் சிறு உலோகக் கவ்வி. "எனக்கு ஏன் டாக்டர் கிளிப் போடலை?" என்று கேட்பவர்கள் உண்டு. எல்லோருக்கும் தேவையில்லை, விலையும் கூட. குடலின் வலப்பக்கத்தில் காம்பில்லாத, 2 செ.மீ.க்குக் குறையாத பாலிப்களில்தான் பலன் தெளிவாகத் தெரிகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அங்கே கிளிப் போடாதவர்களில் 9.6 சதவீதம் பேருக்கும், போட்டவர்களில் 3.3 சதவீதம் பேருக்கும் பின்னர் ரத்தக்கசிவு வந்தது. கிளிப் தானாக விழுந்து மலத்தோடு போய்விடும். அதற்குள் எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

"நேத்தே எல்லாம் முடிஞ்சிடுச்சே" என்று நினைக்கிற நாட்களில்தான் கவனம் வேண்டும். பெரும்பாலும் முதல் வாரத்தில், சில சமயம் 2 வாரம் வரை மலத்தோடு ரத்தம் வரலாம். வலி இருக்காது. முதல் நாள் துடைக்கும்போது கோடு போலத் தெரிந்தால் பயமில்லை. கட்டி கட்டியாக, மறுபடி மறுபடி போனால், தலை சுற்றினால், வியர்த்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும். பலருக்குத் தானே நின்றுவிடும், நிற்காவிட்டால் மறுபடி ஸ்கோப் விட்டு கிளிப் போடுவோம். (முந்தின நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டீர்களா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்!)

நிறுத்திய மாத்திரையை எந்தத் தேதியில் தொடங்குவது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். மூட்டுவலிக்குக் கடையில் தாங்களாகவே வாங்கும் வலி மாத்திரைகள் அந்த 2 வாரம் வேண்டாம். பெரிய பாலிப் எடுத்தவர்கள் அந்த நாட்களில் மலைக்கோயில் பயணம், வெளிநாட்டு விமானம் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.