சாகசம் வேண்டாம், துணிவு போதும்

கோடை முகாம் அறிவிப்பு ஒன்றில் இந்த வருடமும் ‘வெளிப்புற சாகசக் கல்வி’ என்று அச்சிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா படித்துவிட்டு, “சாகசமா? எனக்கு ஒரே பையன்” என்று தாளை மடித்து வைத்துவிட்டார். அவர் பயந்ததில் தப்பே இல்லை. அந்தச் சொல் அப்படி.

‘சாகசம்’ என்று இங்கே மொழிபெயர்த்திருக்கும் ஆங்கில ‘அட்வெஞ்சர்’ லத்தீனில் ‘நேரப்போவது’ என்ற பொருளில் தொடங்கியது. சாகசமோ வடமொழியில் வலிமை என்று பொருள்படும் ‘சகஸ்’ என்பதிலிருந்து வந்தது. பழைய தர்ம சாஸ்திரங்களில் அது வன்முறைக் குற்றத்தின் பெயர். தமிழில் துணிச்சலும் ஆனது, பாசாங்கும் ஆனது. ‘சாகசக்காரி’ என்று யாரைச் சொல்வோம்? சரி, பழங்கதை போகட்டும். இன்று செய்தித்தாளில் பைக் சாகசம் என்றால் போலீஸ் வழக்கு. மெரினாவில் விமான சாகசம், சர்க்கஸில் கம்பி சாகசம். எல்லாவற்றிலும் ஒருவர் செய்து காட்ட, ஊர் வேடிக்கை பார்க்கிறது.

முகாமில் தரும் இந்தக் கல்வியில் வேடிக்கை பார்க்க ஆளே கிடையாது. ஒரு பெண் பாறையில் ஏறினால், கீழே அவளுடைய தோழி கயிற்றைப் பிடித்திருக்கிறாள்.

“பிடிச்சிருக்கியா?”

“பிடிச்சிருக்கேன், ஏறு.”

பாதியில் கால் நடுங்கினால் “பயமா இருக்கு, இறக்கு” என்று சொல்லலாம். யாரும் அதைத் தோல்வியாக எண்ணுவதில்லை. அப்புறம் வட்டமாக உட்கார்ந்து, எந்த இடத்தில் பயந்தோம், யார் சொன்னது உதவியது என்று பேசுவார்கள். பயத்தை வாய்விட்டுச் சொல்லவும் இன்னொருத்தியை நம்பவும் பழகுவதால்தான் வளரும் பிள்ளைகளின் மனநலத்துக்கு இது உதவுகிறது என்கிறோம்.

1941இல் வேல்ஸின் அபர்டோவியில் கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டும் இத்தகைய கல்விக்காக ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்கியதன் பின்னணியும் இதுதான். போரில் கப்பல் மூழ்கியபின், உயிர்காப்புப் படகில் மூத்த மாலுமிகள் தாக்குப்பிடிக்க, இளையவர்கள் மனம் விட்டுவிடுகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. அவர்களுக்கு வித்தை காட்டக் கற்றுக்கொடுத்து என்ன பயன்?

‘வீரதீரக் கல்வி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். கையிலேயே இருக்கிறது ‘துணிவு’ என்ற சொல். துணிதல் என்றால் முடிவெடுத்தல். ‘எண்ணித் துணிக கருமம்’ என்ற குறளில் எண்ணுவதும் சேர்ந்தே வருகிறது. முரட்டுத்தனத்துக்கு அங்கே இடமில்லை. ‘வெளிப்புற’மும் வேண்டாம், அது சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பக்கம். ‘திறந்தவெளித் துணிவுக் கல்வி’ என்றால் அந்த அம்மாவுக்குப் புரியும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் சொல்லைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு நாள் அந்தக் கயிற்றின் கீழ்முனையைப் பிடித்து நின்றிருந்தால் சாகசம் என்று எழுதக் கை வந்திருக்காது.