பாலிஷ் போட்டால் கீறல் எங்கே போகிறது?

கறுப்பு நிறக் கார் ஒன்றை ராத்திரியில் பெட்ரோல் பங்க் விளக்கின் கீழே பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். துணியைச் சுழற்றிச் சுழற்றித் துடைத்ததால் வந்த வினை என்பார்கள். கையில் டார்ச் இருந்தால் அது சரியில்லை என்று அங்கேயே காட்டிவிடலாம். டார்ச்சை மெல்ல நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். கீறல்கள் உண்மையிலேயே வட்டமாக இருந்தால் அவற்றின் மையம் ஓரிடத்தில் நிலையாக நிற்க வேண்டுமே!

கோடுகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய பள்ளம். பள்ளத்தின் சாய்ந்த சுவர், தனக்குக் குறுக்காக வந்து விழும் ஒளியைத்தான் நம் கண்ணுக்குத் திருப்பும். ஆகவே விளக்கின் பிம்பத்தைப் பார்த்தபடி நீளவாக்கில் கிடக்கும் கீறல்கள் மறைந்துவிடும். குறுக்காகக் கிடப்பவை மட்டும் மினுங்கும். மினுங்குகிறவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வட்டம். தொழில் தெரிந்த டீட்டெய்லர் (காரைப் பாலிஷ் போட்டு மெருகேற்றுபவர்) ஒற்றைப் புள்ளியாக எரியும் விளக்கை வைத்துப் பெயின்ட்டைப் பார்ப்பது இதனால்தான். டியூப் லைட்டின் பரவலான வெளிச்சம் கீறலைக் காட்டாது. டியூப் லைட்டின் கீழேயே காரைக் காட்டிப் பணம் வாங்கும் கடை என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

கீறல் வருவதற்குப் பெரிய விபத்து எதுவும் வேண்டாம். சாலைத் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. கடினத்தை 1 முதல் வைரத்தின் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் இடம் 7, கண்ணாடியையே கீறும். காலையில் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் ஒரே பக்கெட் தண்ணீரில் நாலு காரைத் துடைக்கும்போது, முதல் காரின் மணல் நாலாவது காரில் உட்கார்ந்து தேய்க்கிறது. உலர்ந்த துணியால் தூசி தட்டுவது இன்னும் மோசம்.

சரி, கீறல் விழுந்துவிட்டது. பாலிஷ் போட்டால் அது மூடிக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. கீறலைச் சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குகிறார்கள். பள்ளத்தை நிரப்புவதில்லை, கரையைக் குறைக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பாலிஷும் பெயின்ட்டில் கொஞ்சத்தைக் கொண்டு போகிறது. போனது திரும்பி வராது.

எவ்வளவு இருக்கிறது இழப்பதற்கு? ஆலையிலிருந்து வரும் காரில் பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல். அடியில் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். தேய்க்கக் கிடைப்பது இந்தக் கடைசி அடுக்கு மட்டும். அதுவே 35 முதல் 50 மைக்ரான் வரைதான். அதையும் முழுதாகச் செலவழிக்க முடியாது. வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் சேர்மங்கள் அதற்குள்தான் கலந்திருக்கின்றன. மெலிந்துபோனால் கதிர் உள்ளே இறங்கும். சில வருடங்களில் நிறம் வெளிறி, கூரையிலும் பானெட்டிலும் திட்டுத் திட்டாக உரியத் தொடங்கும். லேசான பாலிஷுக்கு 1, 2 மைக்ரான் போகும். முரட்டு காம்பவுண்டும் (சொரசொரப்பான தேய்ப்புப் பசை) மெஷினில் மாட்டும் கம்பளி பேடுமாக இறங்கினால் அதைப் போலச் சில மடங்கு.

அதனால்தான் நல்ல டீட்டெய்லர் பாலிஷ் மெஷினுக்கு முன்னால் பெயின்ட் மீட்டரைக் கையில் எடுக்கிறார். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி அது. இரும்புத் தகடு என்றால் காந்தத் தூண்டல்: மீட்டரின் சுருளுக்கும் இரும்புக்கும் நடுவே பெயின்ட் தடிமனாக இருக்க இருக்கக் காந்தப் புலம் பலவீனமாகும், அதைத் தடிமனாகக் கணக்கிட்டுத் திரையில் காட்டும். அலுமினியம் என்றால் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அளக்கும். பிளாஸ்டிக் பம்பரில் இரண்டும் எடுபடாது. அதற்கு மீயொலிக் கருவி வேண்டும், விலையும் அதிகம்.

மீட்டர் காட்டும் எண்ணைப் படிப்பதில்தான் அனுபவம் தெரியும். கார் முழுக்க 115, 120 என்று வந்து ஒரு கதவில் மட்டும் 250 என்றால் அந்தக் கதவு மறுபெயின்ட் அடிபட்டது. 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி பார்த்திருப்பார்கள். (பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இந்த மீட்டர் நல்ல துணை.) பயப்பட வேண்டியது குறைந்த எண்ணுக்கு. பானெட்டில் 80 வந்தால், யாரோ ஏற்கெனவே நன்றாகத் தேய்த்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சாதாரண மீட்டர் மொத்தத் தடிமனை மட்டுமே சொல்லும். அதில் கிளியர் கோட் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. மீதியை ஊகிக்கத்தான் வேண்டும், ஊகம் எச்சரிக்கையின் பக்கம் சாய வேண்டும்.

அடுத்தது சோதனைத் திட்டு. பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தை டேப் ஒட்டிப் பிரித்து, இருப்பதிலேயே மென்மையான பேடையும் மிக நைசான பாலிஷையும் முதலில் போட்டுப் பார்ப்பார். போதுமென்றால் அதோடு சரி. போதாவிட்டால் ஒரு படி ஏறுவார். ஒரு காரின் கிளியர் கோட் மெத்தென்று இருக்கும், இன்னொன்று அசைந்துகொடுக்காது. பார்த்துச் சொல்ல முடியாது.

மெஷினிலும் விஷயம் இருக்கிறது. ரோட்டரி ஒரே அச்சில் சுழல்கிறது. பேடின் ஓரம் வேகமாக ஓடி, ஒரே இடத்தில் சூட்டைச் சேர்க்கும். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் சுழன்றுகொண்டே 8, 15 அல்லது 21 மில்லிமீட்டர் அளவுக்கு ஊசலாடும். வேலை மெதுவாக நடக்கும், சூடு பரவும், தவறுக்கு இடம் குறைவு. எதுவானாலும் ஆபத்து விளிம்புகளில்தான். ஈரமான பெயின்ட் தன் பரப்பு இழுவிசையால் கூர்மையான விளிம்பைவிட்டு விலகி ஓடும். காய்ந்தபின் அங்கே பூச்சு மெல்லியதாக இருக்கும். அதே இடத்தில்தான் பேடின் அழுத்தமும் குவிகிறது. டேப் ஒட்டாமல் விளிம்பை ஓட்டினால், நிமிஷத்தில் பிரைமர் எட்டிப்பார்க்கும். பிளாஸ்டிக் பாகங்களில் கூடுதல் கவனம் வேண்டும். உலோகத் தகடு சூட்டைக் கடத்திவிடும், பிளாஸ்டிக் அங்கேயே வைத்துக்கொள்ளும்.

இவ்வளவு மெனக்கெடாமலே பளபளப்பைக் காட்ட ஒரு வழி உண்டு. எண்ணெயும் சிலிகானும் கலந்த கிரீமைத் தடவினால் பள்ளங்கள் தற்காலிகமாக நிரம்பிவிடும். கார் ஜொலிக்கும்; நாலு வாட்டர் வாஷுக்குள் கோடெல்லாம் திரும்பி வந்துவிடும். நேர்மையான கடையில் பாலிஷ் முடிந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெயை எடுத்துவிட்டு, மறுபடி விளக்கடித்துப் பார்ப்பார்கள். அந்தத் துடைப்புக்குப் பின்னும் தெரியாத கீறல்தான் உண்மையில் போன கீறல். நகத்தால் தடவும்போது தட்டுகிற அளவு ஆழமானதை அவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதன் கரையை மட்டும் லேசாக மழுக்கினால் மினுங்குவது குறையும். முழுதாக எடுக்கப்போனால் கிளியர் கோட்டே போய்விடும்.

கடைசியாகச் செராமிக் கோட்டிங், அதாவது பாலிஷ் முடிந்தபின் பெயின்ட் மேல் தடவும் பாதுகாப்புப் பூச்சு. ‘9எச் கடினம்’ என்று விளம்பரத்தில் படித்து, வைரத்துக்கு அடுத்தபடி என்று நினைத்துவிடாதீர்கள். அது மோஸ் அளவுகோல் அல்ல. பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை. 9எச் பென்சில் கீறவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. குவார்ட்ஸ் மணல் தாராளமாகக் கீறும். ஓரிரு மைக்ரான் தடிமன்தான் கோட்டிங். அதன் பலன் வேறு: அழுக்கு லேசில் ஒட்டாது, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும்.

ஓடாமல் நின்ற முத்துதான் தொல்லை. போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். வெயிலில் முத்து காய்ந்தால் அத்தனை உப்பும் ஒரே புள்ளியில் வெள்ளை வளையமாக இறுகும். புதிதாக இருக்கும்போது நீர்த்த வினிகர் கரைத்துவிடும். தண்ணீரில் சிலிக்கா கலந்திருந்தால் அதற்கு மசியாது, மறுபடி பாலிஷ்தான். கோட்டிங் போட்ட காரைப் போர் தண்ணீரில் கழுவுகிறவர்கள் நிழலில் நிறுத்தி, காய விடாமல் உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.