ரேசிசம்: இனவெறியா, இனவாதமா, இனப்பாகுபாடா?

பல்கலைக்கழகக் கொள்கை அறிக்கை ஒன்றைத் தமிழில் எழுத உட்காருபவர் முதல் வரியிலேயே இடறும் சொல் ‘ரேசிசம்’. இனவெறி, இனவாதம், நிறவெறி என்று மூன்று சொற்கள் கைவசம் இருக்கின்றன. மூன்றும் ஒன்றல்ல.

‘ரேஸ்’ இத்தாலிய மொழியின் ‘ரட்ஸா’விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ரேசிசம்’ அவ்வளவு பழையதன்று. ஆங்கிலத்தில் அதன் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று 1902இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி பேசியது. மக்களை இனம் இனமாகப் பிரித்து வைப்பதைக் கண்டித்துத்தான் பேசினார். வேடிக்கை என்னவென்றால், 1879இல் கார்லைல் என்ற உறைவிடப் பள்ளியைத் தொடங்கி, அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழி பேசவிடாமல் தடுத்தவரும் அவரே. சேர்த்துக்கொள்வார், ஆனால் தன்னைப் போல மாற்றித்தான் சேர்த்துக்கொள்வார். 1930களில் நாஜி ஜெர்மனியைப் பற்றிய பேச்சோடுதான் இந்தச் சொல் பரவலானது.

சரி, தமிழுக்கு வருவோம். வல்லினம், மெல்லினம் என்னும்போது ‘இனம்’ என்பது வகை. திருக்குறளின் ‘சிற்றினம் சேராமை’ அதிகாரத்தில் அது கூடிப் பழகும் கூட்டம்; நாமே தேர்ந்துகொள்வது. ‘ரேஸ்’ என்ற பொருளை அதன் தலையில் ஏற்றியது பிற்காலம்.

எனக்குச் சிக்கல் ‘வெறி’யில்தான். சங்கப் பாடல்களில் முருகனின் பூசாரியான வேலன் சாமியாடும் வெறியாட்டு முதலே அதற்குள் ஓர் ஆவேசம் உண்டு. நாஜிகளுக்கு அது பொருந்தும். ஆனால் பெயரைப் பார்த்ததும் ஒரு விண்ணப்பம் அடுக்கின் அடிக்குப் போவதும், ‘பரவாயில்லையே, நன்றாக ஆங்கிலம் பேசுகிறாயே’ என்று ஆய்வு மாணவரிடம் வியப்பதும், பாடத்திட்டம் முழுக்க ஒரே கண்டத்து அறிஞர்கள் நிரம்பியிருப்பதும் ஆவேசமே இல்லாமல் நடப்பவை. ‘எனக்கா வெறி? யாரிடமும் குரல் உயர்த்திக்கூடப் பேசியதில்லையே’ என்று பேராசிரியர் கேட்டால், சொல் அவர் பக்கம் போய் நின்றுகொள்கிறது. 1967இல் அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலும் அரசியல் அறிஞர் சார்லஸ் ஹாமில்டனும் ‘நிறுவன ரேசிசம்’ என்று தனியாகப் பிரித்துக் காட்டியது இதைத்தான். ஆள் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. வழக்கமான நடைமுறையே வேலையை முடித்துவிடும்.

‘இனவாதம்’ கருத்தியலைச் சுட்டச் சரியான சொல். இலங்கைத் தமிழில் நன்றாக வேரூன்றியது. ‘நிறவெறி’ தோலோடு நின்றுவிடுகிறது. இனப்பாகுபாட்டுக்கு எதிரான 1965ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையோ நிறத்தோடு வம்சாவளியையும் சேர்த்தே பேசுகிறது.

ஆகவே கல்விக்கூட விதிகளுக்கு என் தேர்வு ‘இனப்பாகுபாடு’. ‘பகு’ என்ற வேரில் பிறந்த பாகுபாடு (பகுத்தறிவுக்கும் அதே வேர்தான்!) மனநிலையை விட்டுச் செயலைச் சுட்டுகிறது, அதன்மீது புகார் எழுதலாம், விசாரிக்கலாம். அதை எதிர்ப்பது ‘இனப்பாகுபாட்டு எதிர்ப்பு’. வாய்க்குக் கொஞ்சம் நீளம்தான்.

அப்புறம், கூடவே வரும் ‘டைவர்சிட்டி’க்குப் ‘பன்முகத்தன்மை’ நிலைத்துவிட்டது. அந்த இடத்தில் ‘ஒருமைப்பாடு’ என்று மட்டும் எழுதிவிட வேண்டாம்; அது பிராட் தன் பள்ளியில் செய்த வேலைக்குத்தான் பொருந்தும்.